கிட்டங்கிக்காரன் படித்த இங்கிலீஷ்

இல்லை என்று சொல்வதுதான் என் தொழில். பதினேழு வருடம் சொன்னேன். நன்றாகச் சொன்னேன்.

திருகோணமலை உள்துறைமுகத்தில் ஒரு கொழும்புக் கம்பனிக்குக் கிட்டங்கி இருந்தது. கயிறு, தார், பாய்ச்சீலை, வர்ணம், சங்கிலி, எல்லாம் அதற்குள். திறப்புக் கொத்து என் இடுப்பில். கந்தோரிலிருந்து கையெழுத்து வைத்த துண்டு கொண்டு வந்தால் சாமான் கொடுப்பேன். துண்டு இல்லாவிட்டால் ஏலாது. கப்பல் தாழ்கிறது என்றாலும் ஏலாது. தாழ்கிற கப்பலுக்கும் துண்டு எழுத நேரம் இருக்கும்.

கிண்ணியா ஆதம்பாவா ஒரு நாள் ஓடி வந்தார். தோணி ஓட்டுகிற தண்டையல். மூச்சு வாங்கினார்.

"இராசதுரையண்ணே, ரெண்டு பாகம் கயிறு தாங்க. தோணி அவிழ்ந்து போகுது."

"துண்டு?"

"தோணி போகுது அண்ணே."

"போகட்டும். துண்டு?"

தோணி போய்விட்டது. குறிஞ்சாக்கேணிப் பக்கம் ஒதுங்கி, மறுநாள் பிடித்தார்கள். பிடித்த பிறகு துண்டோடு வந்தார். கயிறு கொடுத்தேன். அன்றைக்கு அவர் எனக்கு வைத்த பேர் 'ஏலாது இராசதுரை'. துறைமுகம் முழுக்க அந்தப் பேர்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. பட்டம் கிடைப்பது இலேசான காரியமல்ல.

இனி, வீடு.

அதே வாய். அதே நாக்கு. படலையைத் திறந்து உள்ளே கால் வைத்தால் ஒரு சொல்தான் வரும். ஓம்.

"இஞ்சாருங்கோ, தண்ணி அள்ளி வையுங்கோவன்." ஓம். "இந்தச் சேர்ட் வேண்டாம், மாத்துங்கோ." ஓம். "நீங்கள் முந்தநாள் சொன்னது பிழையெண்டு இப்ப விளங்குதோ?" ஓம். முந்தநாள் என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. ஆனால் ஓம்.

என் மனைவி வள்ளிநாயகி சத்தம் போடுகிறவள் அல்ல. சத்தம் போட்டால் எதிர்த்துக் கதைக்கலாம். அவள் மெதுவாகக் கேட்பாள். பதிலுக்குக் காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதைத் தாங்க எந்த ஆம்பிளைக்கும் ஏலாது.

அறுபத்துமூன்றாம் ஆண்டு தை மாதம் கந்தோரில் ஒரு கடிதம் ஒட்டினார்கள். கொழும்புத் தலைமைக் கிட்டங்கிப் பொறுப்பாளர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்குத் திருகோணமலையிலிருந்து ஒருவரை எடுப்பார்கள். பெரியதுரை சித்திரையில் வருவார். ஆளைக் கூப்பிட்டு இங்கிலீஷில் கேள்வி கேட்பார். கேட்கப்படப்போகிறவர்கள் இரண்டு பேர். நான் ஒருவன். ஜெட்டிக் கொட்டிலைப் பார்க்கிற வல்லிபுரம் மற்றவன்.

கொழும்பில் குவாட்டர்ஸ். வீட்டுக்குள்ளே தண்ணீர்க் குழாய். தலைக்கு மேலே காற்றாடி. இவை எல்லாம் எனக்குப் பெரிதல்ல. அங்கே பொறுப்பாளருக்குக் கீழே எட்டுப் பேர். எட்டுப் பேரும் என்னைக் கேட்டுத்தான் மூச்சு விட வேண்டும். பதினேழு வருடமாகத் தனியாக ஏலாது சொன்னவன் நான். இனி எட்டுப் பேரை வைத்துச் சொல்லலாம். அன்றைக்கே தீர்மானித்தேன். போவது. யார் மறித்தாலும் போவது.

மறிக்கக்கூடியவள் ஒருத்திதான்.

அவளுக்குச் சல்லிக் கிராமத்தில் ஒரு தங்கச்சி. தங்கச்சியின் புருசன் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். செவ்வாயும் வெள்ளியும் வள்ளிநாயகி நிலாவெளி பஸ்ஸில் ஏறிப் போவாள். பையில் அரிசி, சீனி, கருவாடு, சீட்டித் துணி. அந்தப் பிள்ளைகள் பஸ் நிற்கிற இடத்தில் வந்து காத்திருக்கும். ஒரு தடவை கூடப் போனேன். பஸ் தூரத்தில் வரும்போதே இரண்டும் எழும்பி நின்றன. அதற்குப் பிறகு நான் போகவில்லை. பார்க்க ஏலாது.

ஆகவே சண்டைக்கு ஆயத்தமாக வீட்டுக்குப் போனேன். வழி நெடுக வசனம் கட்டினேன். குசினியில் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கொழும்புக்கு ஆள் எடுக்கினம்," என்றேன்.

"ஓ."

"நான் போகப்போறன்."

"நல்லதுதானே."

நான் கட்டிய வசனம் எல்லாம் வீணாய்ப் போனது.

"என்ன சொன்னனி?"

"நல்லதுதானே எண்டனான். பதினேழு வருசம் ஒரே கதவுக்கு முன்னால நிண்டிட்டியள். போங்கோ. நான் மறிச்சுப்போட்டன் எண்ட பேர் எனக்கு வேண்டாம்."

"தங்கச்சி?"

செதில் எடுக்கிற கத்தி கொஞ்சம் நின்றது. பிறகு போனது.

"அது என்ர பாடு. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமோ?"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"சாமான் பேர் முழுக்கத் தெரியும். கயிறு, தார், ஆணி..."

"துரை உங்களோடதான் கதைக்கப்போறார். ஆணியோட இல்லை."

நியாயம். அடுத்த கிழமையே மாஸ்டர் வந்துவிட்டார். அவளே போய்ச் சொல்லி வைத்தாள்.

பாக்கியரத்தினம் மாஸ்டர் நாற்பது வருடம் இங்கிலீஷ் படிப்பித்து ஓய்வெடுத்தவர். மெல்லிய மனிதர். ஆனால் நண்டுக் கறிக்கு முன்னால் அவருக்கு மன உறுதி கிடையாது. திங்கள், புதன், சனி, பின்னேரம் ஐந்து மணிக்கு வருவார். முன் விறாந்தைக் கதிரையில் இருப்பார். குசினிப் பக்கம் ஒரு தடவை மூக்கை நீட்டி மணந்து பார்ப்பார். பிறகு பாடம்.

முதல் நாள் கேட்டார்.

"நீர் கன கதை கதைக்கிறவரோ?"

"இல்லை."

"அப்ப உமக்கு மறுத்துச் சொல்ற வசனம்தான் பொருந்தும். அதைத்தான் முதல்ல படிக்க வேணும்."

"ஏன்?"

"மறுத்தால் ஒரு சொல்லு மிச்சம்."

விளங்கவில்லை. விளக்கினார். இங்கிலீஷில் 'நீட்' என்று ஒரு வினை இருக்கிறது. 'டெயார்' என்று ஒன்று இருக்கிறது. ஒன்று தேவை, மற்றது துணிச்சல். இந்த இரண்டும் ஓம் என்று சொல்லும்போது பின்னால் வருகிற வினைக்கு முன் 'டு' என்று ஒன்றைச் செருக வேண்டும். இல்லை என்று சொல்லும்போது அது வேண்டாம். 'நொட்' வந்துவிட்டால் 'டு' ஓடிவிடும். பின்னால் வருகிற வினை வெறும் உடம்போடு வந்து நிற்கும். சால்வை இல்லை, சப்பாத்து இல்லை.

"யூ நீட் நொட் கம். நீ வரத் தேவையில்லை. ஐ டெயார் நொட் கோ. எனக்குப் போகத் துணிவில்லை. பாரும், எவ்வளவு சுருக்கம்."

எனக்குப் பிடித்துவிட்டது. உண்மையாகவே பிடித்துவிட்டது. சொல்லை மிச்சம் பிடிக்கிற பாஷை. அதுவும் இல்லை என்று சொல்பவனுக்கு மாத்திரம் சலுகை கொடுக்கிற பாஷை. வெள்ளைக்காரன் கிட்டங்கி வைத்து ஆண்டவன்தானே. தெரிந்துதான் செய்திருக்கிறான்.

"அதோட இன்னொண்டு," என்றார் மாஸ்டர். "துரை உம்மட்ட என்ன கேப்பார்? குடிப்பீரோ எண்டு கேப்பார். களவெடுப்பீரோ எண்டு கேப்பார். துண்டில்லாமல் சாமான் குடுப்பீரோ எண்டு கேப்பார். எல்லாத்துக்கும் என்ன பதில்?"

"இல்லை."

"அவ்வளவுதான். கிட்டங்கிக்காரனுக்கு ஓமெண்ட வசனம் என்னத்துக்கு?"

குசினிக்குள்ளிருந்து வள்ளிநாயகி சொன்னாள்.

"மாஸ்டர் சொல்றது சரி."

கறி தாளிக்கிற சத்தம் கேட்டது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்படித் தொடங்கியது. முதல் மாதம் 'டு நொட்', 'நீட் நொட்', 'டெயார் நொட்'. இரண்டாம் மாதம் 'மஸ்ட் நொட்'. மூன்றாம் மாதம் 'வுட் ராதர் நொட்'. இது கடைசி. இதுதான் உயர்ந்த சாதி என்றார் மாஸ்டர். மாட்டேன் என்று முகத்தில் அடிக்காமல், மாட்டாமலிருப்பதே எனக்கு விருப்பம் என்று சொல்கிற மரியாதை. துரைமார் இதைக் கேட்டால் கதிரையை விட்டு எழும்புவார்களாம்.

படித்ததை மனதில் பதிக்க வேண்டும் என்று வள்ளிநாயகி பொறுப்பெடுத்தாள். மாஸ்டர் எழுதிக் கொடுத்த கொப்பியைக் குசினி அலுமாரியில் வைத்திருந்தாள். விடியப் புட்டுக்கு முன்னால் அவள் தமிழில் கேட்பாள். நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

"போறதெண்டது லேசான சொல்லு. அதை வைச்சுப் பழகுவம்," என்றாள். "மூதூருக்குப் போறியளோ?"

"ஐ வுட் ராதர் நொட் கோ டு மூதூர்."

"தோப்பூருக்கு?"

"ஐ வுட் ராதர் நொட் கோ டு தோப்பூர்."

"கெதியாச் சொல்லுங்கோ. யோசிக்கிறியள். யோசிச்சால் துரை ஆள் மக்கு எண்டு நினைப்பார். கண்டிக்கு?"

"ஐ வுட் ராதர் நொட் கோ டு கண்டி."

"காலிக்கு? மாத்தறைக்கு? கொழும்புக்கு? மன்னாருக்கு?"

கடகடவென்று சொன்னேன். ஊர் பேர் அவள் வாயில் முடிவதற்குள் என் வாயில் வசனம் தொடங்கிவிடும். தடக்கினால் சம்பல் இல்லை. நொட்டை விட்டால் சொதி இல்லை. ஒரு நாள் வெறும் புட்டை விழுங்கினேன். அதற்குப் பிறகு நொட்டை விட்டதில்லை. தூக்கத்திலும் சொன்னேனாம். அவள் சொன்னாள். பெருமையாகச் சொன்னாள்.

கிட்டங்கியிலும் பழகினேன். ஆதம்பாவா வந்தார்.

"அண்ணே, ஒரு வாளித் தார்."

"யூ நீட் நொட் கம்."

கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

"என்னண்ணே, ஏசுறீங்களா?"

"இங்கிலீஷ்."

"துண்டு இல்லாம ஏலாதெண்டுதானே சொன்னீங்க?"

"எப்பிடித் தெரியும்?"

"நீங்க வேற என்னத்தைச் சொல்லப்போறீங்க," என்று சொல்லிவிட்டுத் துண்டெடுக்கப் போனார்.

பங்குனி முடியும்போது எனக்கே ஒரு யோசனை வந்தது. மாஸ்டரைக் கேட்டேன்.

"ஓமெண்டு சொல்ற வசனம் எப்ப?"

மாஸ்டர் குசினிப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது தன்பாட்டில வரும். நொட்டைத் தூக்கிப்போட்டால் மிச்சம் ஓம்தானே. தூக்கிறதுக்கு ஒரு மாஸ்டர் வேணுமோ?"

அதுவும் நியாயம்.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு வந்த வியாழக்கிழமை துரை வந்தார். காலையில் வள்ளிநாயகி என் களிசானை அழுத்தித் தந்தாள். விபூதி பூசிவிட்டாள். படலை வரை வந்தாள். அவள் படலை வரை வருவது கலியாணம் கட்டிய காலத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"பயப்படாதேங்கோ. படிச்சதைச் சொல்லுங்கோ. புதுசா ஒண்டும் சொல்ல வெளிக்கிடாதேங்கோ."

"ஓம்."

கந்தோர் வாசலில் வாங்கு. வல்லிபுரம் அதில் இருந்தான். தலையில் எண்ணெய், முகத்தில் வேர்வை. இரண்டும் கழுத்தில் சந்தித்தன.

"அண்ணை, எனக்குப் பயமாக் கிடக்கு."

"படிச்சனியோ?"

"இல்லை அண்ணை. எனக்கு ஒரு சொல்லுத்தான் வரும்."

"என்ன?"

"யெஸ் சேர்."

பாவமாக இருந்தது. ஆறுதல் சொன்னேன். தோற்கப்போகிறவனுக்கு ஆறுதல் சொல்வது எவ்வளவு இன்பமானது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கதவு அரைவாசி திறந்திருந்தது. எல்லாம் கேட்டது.

குடிப்பாயா என்று துரை கேட்டார். யெஸ் சேர். வேலை நேரத்தில் நித்திரை கொள்வாயா? யெஸ் சேர். சாமான் எப்போதாவது காணாமல் போயிருக்கிறதா? யெஸ் சேர். உள்ளே சிரிப்புச் சத்தம். பக்கத்தில் இருந்த கிளாக்கரும் சிரித்தார். இதுவரைக்கும் இப்படி உண்மை சொன்ன ஆளை நான் காணவில்லை என்று துரை சொன்னார். பிறகு, கொழும்புக்குப் போவாயா? யெஸ் சேர்.

வெளியே வந்தான். சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. "எல்லாம் பிழையாப் போச்சு அண்ணை," என்றான். முதுகில் தட்டினேன். உள்ளே போனேன்.

துரை வயதானவர். மூக்குக்கண்ணாடி. மேசையில் என் பதினேழு வருடக் கோப்பு. நான் கையைக் கட்டவில்லை. நேராக நின்றேன்.

குடிப்பாயா?

"ஐ டு நொட் டிரிங்க், சேர்."

நிமிர்ந்து பார்த்தார். சுருட்டுப் பிடிப்பாயா?

"ஐ டெயார் நொட் ஸ்மோக் இன் த ஸ்ரோர், சேர்."

கிளாக்கர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இந்த மாதிரி ஒரு வசனம் அந்தக் கந்தோரில் அதுவரை விழுந்ததில்லை. துரை கண்ணாடியைச் சரி செய்தார். உன் சொந்தச் சகோதரன் துண்டில்லாமல் வந்து கயிறு கேட்டால்?

"ஹீ நீட் நொட் கம், சேர்."

துரை மேசையில் தட்டினார். வெரி குட் என்றார். இரண்டு தரம் சொன்னார். எனக்குள்ளே எட்டுப் பேர் வரிசையாக வந்து நின்றார்கள். எட்டுப் பேருக்கும் துண்டில்லை. எட்டுப் பேருக்கும் ஏலாது.

துரை பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். கையெழுத்து வைக்கப்போகிறவர் மாதிரி. சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்பவர் மாதிரி, தலை நிமிராமலே கேட்டார்.

"வில் யூ கோ டு கொலம்போ?"

அந்த ஊர்ப் பேர் அவர் வாயில் முடியவில்லை.

"ஐ வுட் ராதர் நொட் கோ டு கொலம்போ, சேர்."

சொல்லி முடிந்தது. அழகாகச் சொன்னேன். தடக்கவில்லை. நொட் இருந்தது.

பேனா காற்றில் நின்றது. எனக்குச் சொன்னது என்னவென்று தெரியும். அர்த்தம் தெரியாமல் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகத் தெரியும். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது, நான் பின்னால் ஓடிப் போய்ப் பார்த்தேன், வசனம் போய்ச் சேர்ந்துவிட்டது.

துரை கண்ணாடியைக் கழற்றினார்.

"வை நொட்?" ஏன் என்று கேட்டார்.

இப்போது நொட்டைத் தூக்க வேண்டும். மாஸ்டர் சொன்னபடி தூக்கிப்போட்டால் மிச்சம் ஓம். வாயைத் திறந்தேன். நொட் தூக்க வரவில்லை. மூன்று மாதம் சொதி ஊற்றி வளர்த்த நொட். நாக்கில் வேரோடியிருந்தது. ஒரு காரணம் சொல்ல வேண்டும், ஒரு மன்னிப்புச் சொல்ல வேண்டும், பிழையாய்ச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். இவை எல்லாம் ஓம் பக்கத்துச் சாமான். என் கிட்டங்கியில் இருப்பில் இல்லை.

"ஐ டெயார் நொட் சே, சேர்."

சொல்லத் துணிவில்லை என்றேன். துரையின் முகம் மாறியது. கோபம் இல்லை. அதைவிடக் கொடுமை, இரக்கம். கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினார். மனைவியா, என்று கேட்டார்.

"யூ நீட் நொட் ஆஸ்க், சேர்."

துரை சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். லேஞ்சியால் துடைத்துக்கொண்டு, தன் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார் என்றார். எழும்பிக் கை கொடுத்தார். மாஸ்டர் சொன்னது பொய்யில்லை, துரை கதிரையை விட்டு எழும்பித்தான் விட்டார். தன் மனதைத் தெரிந்த மனிதனை மதிக்கிறேன், உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன், திருகோணமலைக் கிட்டங்கிக்கு உன்னைவிட ஆள் இல்லை என்றார். கிளாக்கரிடம் சொன்னார். எழுது, வல்லிபுரம்.

வெளியே வந்தேன். வாங்கில் இருந்தவன் எழும்பி நின்றான்.

"எப்பிடி அண்ணை?"

"போ. உனக்குத்தான்."

நம்பவில்லை. கிளாக்கர் வந்து சொன்னபிறகு அழுதான். என் காலில் விழப் பார்த்தான். விலகிப் போனேன்.

நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஜெட்டியில் நின்றேன். மூதூர் லாஞ்ச் வந்து சனத்தை இறக்கியது. வாழைக்குலை, கோழி, பாய். ஒவ்வொருவரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். நான் மாத்திரம் அதே கதவுக்கு. ஐம்பது வயது வரப்போகிற மனிதன். இனி ஒரு கடிதம் எனக்காக ஒட்டமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். பகிடி அல்ல. நெஞ்சு உண்மையாகவே பாரமாக இருந்தது.

அங்கே நின்றுதான் யோசனை வந்தது. நடந்தது யாருக்குத் தெரியும்? துரைக்கும் கிளாக்கருக்கும். வீட்டில் வேறு மாதிரிச் சொல்லலாம். பிழையாய்ப் போனது என்று ஏன் சொல்ல வேண்டும்? விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லலாம். மனைவிக்காக, அவள் தங்கச்சிக்காக, பஸ் நிற்கிற இடத்தில் நிற்கிற அந்தப் பிள்ளைகளுக்காக. சொல்லச் சொல்ல எனக்கே உண்மை மாதிரி இருந்தது. வேலை போனாலும் வீட்டில் ஒரு மதிப்பு. ஆயுளுக்கும் ஒரு மதிப்பு. இனி அவள் ஒன்று கேட்டால், அன்றைக்கு உனக்காக நான் என்ன செய்தேன், என்று ஒரு வார்த்தை போதும்.

நிமிர்ந்து நடந்தேன்.

குசினியில் பாரை மீன் துண்டு பொரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, என்ன நடந்தது?"

"வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

"எதை?"

"கொழும்பை. துரை வா வா எண்டவர். நான் மாட்டனெண்டு சொன்னனான்."

"ஏன்?"

குரலைத் தாழ்த்தினேன். துரை தாழ்த்தியது மாதிரி.

"உனக்காகத்தான். சல்லியில உன்ர தங்கச்சி தனிய. அந்தப் பிள்ளையள்..."

அகப்பை நின்றது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்காகவோ?"

"ஓம்."

"இந்தக் கதையை இனி ஒரு இடத்திலயும் சொல்லக் கூடாது."

"ஏன்?"

"ஏனோ? உங்கட அக்கா நாளைக்கு என்ன சொல்லுவா? வள்ளிநாயகி காலைப் பிடிச்சு இழுத்துப்போட்டாள், இல்லாட்டி என்ர தம்பி எங்கேயோ இருப்பான் எண்டு சொல்லுவா. சாகுமட்டும் சொல்லுவா. நான் மறிச்சனானோ?"

"இல்லை."

"போங்கோ எண்டனானோ இல்லையோ?"

"ஓம்."

"மாஸ்டரை ஆர் பிடிச்சது? நண்டு ஆர் காய்ச்சினது? களிசான் ஆர் அழுத்தினது? நீங்களாப் போனியள். நீங்களா, உங்கட சொந்த வாயால, மாட்டனெண்டு சொன்னியள். அப்பிடியோ?"

"ஓம்."

"அதுதான் நடந்தது. ஆர் கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேணும்."

யோசித்துப் பார்த்தேன். அதுதான் நடந்தது. ஒரு எழுத்துப் பிசகில்லை. நான் சொன்னதுதான் பொய். ஆயுள் மதிப்பு அடுப்புக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் கூட உயிரோடு இருக்கவில்லை.

அவள் ஒரு தட்டை எடுத்தாள். பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். என் முன்னால் கொண்டு வந்து வைத்தபோது கை என் தோளில் ஒரு கணம் பட்டது. அது நன்றியோ என்னவோ. மீனில் முள் எடுக்கத் தொடங்கினேன்.

அப்போது படலை திறந்தது.

வல்லிபுரத்தின் மனைவி இரத்தினேஸ்வரி. ஓட்டமும் நடையுமாக வந்தாள். கையில் ஒரு சீப்பு கதலிப்பழம். நான் குசினிக்குள் இருப்பதைக் காணவில்லை. பின் வாசலில் நின்றே தொடங்கிவிட்டாள்.

"வள்ளியக்கா, கிடைச்சிட்டுது. நீங்கள் சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னவராம். அந்த ஒரு சொல்லை விட்டு வேற ஒண்டும் கதைக்கேல்லையாம். நான் உங்களுக்கு என்ன கைம்மாறு..."

என்னைக் கண்டாள். சேலைத் தலைப்பு வாய்க்குப் போனது. பழத்தை அம்மிக்கு மேல் வைத்தாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் என்றாள். போய்விட்டாள்.

தட்டைத் தள்ளி வைத்தேன்.

"வல்லிபுரத்துக்கும் நீதான் படிப்பிச்சனியோ?"

"பெஞ்சாதி வந்து கேட்டவ. அவவுக்குக் கொழும்பு வேணுமாம். குழாய்த் தண்ணி வேணுமாம். வேணுமெண்டிறவை போகட்டுமே."

"எத்தினை நாள் படிப்பிச்சனி?"

மீனை மற்றப் பக்கம் பிரட்டினாள். ஆறுதலாகப் பிரட்டினாள்.

"அந்தாளுக்கு ஒரு பின்னேரமே போதுமாயிருந்தது. நீங்கள்தான் மூண்டு மாதம் எடுத்துப்போட்டியள்."